பூக்கேட்டு எடுத்த கோபுரம்

கோயில்களைப் படம் பிடிப்பதற்காகக் கப்பல் ஏறிய ஈரோட்டுக்காரன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். எங்கள் ஊரில் ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்குக் கல்யாணம், சீர், பள்ளிக்கூட குரூப் போட்டோ, இவற்றைத் தாண்டி வேலை கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் சென்னைப் பதிப்பாளர் ஒருவர், தமிழர்கள் போன ஊர்களிலெல்லாம் கட்டிவைத்த பழைய கோயில்களைச் சேர்த்து ஒரு பெரிய புத்தகம் போடப்போவதாகக் கிளம்பினார். கொழும்புக்கும் டர்பனுக்கும் வேறு ஆட்கள். பினாங்கும் சிங்கப்பூரும் என் பங்கு.

"அட்டைக்கு ஒரு கோபுரம் வேணும். பாத்தவன் இது நம்ம ஊர் இல்லேன்னு உடனே சொல்லணும். ஆனா நம்ம கோபுரம்தான்னும் சொல்லணும்" என்றார் அவர். செலவு செய்கிறவர் எப்படி வேண்டுமானாலும் பேசலாம். என் மனைவி மட்டும், "பக்கத்துல இருக்கிற பவானிக் கோயிலையே நீங்க இன்னும் ஒழுங்கா எடுக்கலீங்களே" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

பினாங்கில் ஒரு வாரம் அலைந்து எடுத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை சிங்கப்பூரில் இறங்கினேன். சுங்க அதிகாரியான சீனர் ஒருவர் கேமராப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கறுப்புத் துணியை உதறினார். கேமராவின் தோல் மடிப்பை இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். அடுத்து பிலிம் டப்பாவில் கை வைத்தார். அதைத் திறந்தால் பினாங்கு முழுக்கக் காலி. எனக்கு இருந்த இங்கிலீஷ் அத்தனையையும் திரட்டி, "நோ லைட், நோ லைட்" என்றேன். அந்தச் சீனர் என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டார். வெளியே வந்து ஒரு தூணில் சாய்ந்து நின்று மூச்சு விட்டேன்.

அந்தத் தூணருகே என்னைக் கண்டுபிடித்தவர் சூசை. என் ஸ்டூடியோவுக்கு எதிரில் தையல் கடை வைத்திருக்கும் அருளப்பனின் மைத்துனர். சிங்கப்பூரிலேயே பிறந்தவர், பொதுப்பணி அலுவலகத்தில் கிளார்க். வெள்ளைக் கால்சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் பினாங்குக் கப்பலில் இரண்டு நாள் கசங்கியிருந்தேன்.

"நீங்கதானே போட்டோக்கார சார்? மாக்கான் ஆச்சா?" என்றார். சாப்பிட்டாயிற்றா என்பதை அங்கே இப்படித்தான் கேட்கிறார்கள் என்று அவரே சொன்னார். ஆகவில்லை என்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை போட்டார்கள். நல்ல சோறு, ரசம், அப்பளம். இதுவரைக்கும் நம்மூர்தான். பிறகு ஒரு மண்சட்டியில் முழு மீன் தலை வந்தது. தலை என்றால் சாதாரணத் தலை அல்ல, என் கேமராப் பெட்டி அளவு. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். "கன்னத்துச் சதையை எடுங்க, அதான் ருசி" என்றார் சூசை. எடுத்தேன். அதற்குப் பிறகு சட்டி காலியாகும்வரை நாங்கள் இரண்டு பேரும் நிமிரவில்லை.

கோப்பி குடிக்கப் பக்கத்துச் சந்துக்குள் அழைத்துப் போனார். அங்கேதான் அதைப் பார்த்தேன்.

சின்ன மாரியம்மன் கோயில். கோபுரம் மூன்றே அடுக்கு, நம் ஊர்க் கண்ணுக்குக் குட்டி. வெயிலும் மழையும் தின்று சாயம் போயிருந்தது. ஆனால் இரண்டாம் அடுக்கில் துவாரபாலகர் நிற்க வேண்டிய இடத்தில் அரைக்கால்சட்டை போட்ட போலீஸ்காரன் தடியோடு நின்றான். அவனுக்கு அடுத்து ரிக்ஷா இழுப்பவன். அந்தப் பக்கம் ரப்பர் பால் வாளியோடு ஒரு பெண், முதுகில் மூட்டையோடு துறைமுகக் கூலி. நடுவில் அம்மன், சிரித்த முகமாக. அந்தக் காலத்தில் சுதை வேலைக்கு வந்தவர்கள் தெருவில் யாரைப் பார்த்தார்களோ அவர்களையெல்லாம் சாமிக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இடது ஓரத்தில் மட்டும் ஒரு இடம் காலி. ஏதோ ஒரு மழையில் பொம்மை விழுந்து, துருப்பிடித்த கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

பதிப்பாளர் கேட்ட அட்டை இதுதான். அப்போதே எடுத்திருக்க வேண்டும். கிழக்குப் பார்த்த கோபுரம், மாலை நேரத்தில் முகத்தில் வெளிச்சம் இல்லை. நம்மூர்ச் சோம்பலும் சேர்ந்துகொண்டது. எங்கே ஓடிவிடப் போகிறது, நிதானமாக எடுக்கலாம் என்று கோப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சூசை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். பிறகு காத்தோங் பிள்ளையார் கோயிலுக்கு இருவரும் பஸ் ஏறினோம். கண்டக்டர் என் கேமரா முக்காலியைப் பார்த்து மலாயில் ஏதோ கத்தினார். "அதுக்கு மூணு கால் இருக்கு, ஒங்களவிட ஒண்ணு கூட, அதுக்கும் டிக்கெட் எடுக்கணுங்கிறான்" என்று சூசை மொழிபெயர்த்தார். எடுத்தோம். டிக்கெட் எடுத்த பிறகு அதை உட்காரவைக்க இடமும் கேட்டேன். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு எங்களை இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி இறக்கிவிட்டார்.

கோயிலில் நல்ல மனிதர்கள். எடுக்கச் சொல்லி மோரும் கொடுத்தார்கள். எல்லாம் கூடி வருகிறது என்று நினைத்தபடி, நான் தங்கியிருந்த சூசை வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்று சாயங்காலம் என்னவோ மனசு கேட்கவில்லை. சிராங்கூன் ரோட்டில் ஒரு சீனரின் ஸ்டூடியோ இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருந்தார். அவரிடம் இருட்டறையை இரவல் கேட்டேன். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை இல்லை. ஆனால் என் விரல் நுனியில் இருந்த மருந்துக் கறையை அவர் பார்த்தார், தன் விரலைக் காட்டினார். அதே கறை. கதவைத் திறந்துவிட்டார்.

முதல் பினாங்குப் படம் மருந்தில் எழுந்தது. குறுக்கே ஒரு கரும்பட்டை. இரண்டாவது, மூன்றாவது, எல்லாவற்றிலும் அதே பட்டை. காத்தோங் படங்களும் அப்படியே. கேமராவைத் தூக்கி விளக்கின் முன் பிடித்தேன். தோல் மடிப்பின் மூலையில் குண்டூசி முனையளவு ஓட்டை. கடல் காற்றில் தோல் வெடித்திருக்கிறது. அதன் வழியாக வெளிச்சம் புகுந்து ஒரு வார வேலையைத் தின்றுவிட்டது. நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சீனர் போய் ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்துவந்தார். ஓட்டையின் மேல் உள்ளும் புறமும் ஒட்டி, அழுத்தித் தடவி, என் தோளைத் தட்டினார்.

என் கேமரா சுருள் பிலிம் போடுவதல்ல. ஒரு படத்துக்கு ஒரு ஷீட். அதுவும் பழைய அளவு. சிங்கப்பூர்க் கடைகளில் எழுதிப்போட்டால் ஒரு மாதத்தில் வரும் என்றார்கள். எனக்கு வியாழக்கிழமை கப்பல். கையில் மிச்சம் பத்து ஷீட். திங்கள் காலை திரும்பவும் காத்தோங் போய் நாலு எடுத்தேன். மீதி ஆறும் அந்த மூன்றடுக்குக் கோபுரத்துக்கு என்று வைத்துக்கொண்டேன். அதுவும் இல்லாமல் ஊர் திரும்பினால் பதிப்பாளர் முகத்தில் விழிக்க முடியாது. அதைவிட, என் மனைவி ஒன்றும் சொல்லாமல் இருப்பாளே, அதைத் தாங்க முடியாது.

திங்கள் மாலை சந்துக்குள் போனபோது கோபுரத்தின் ஒரு பக்கம் மூங்கில் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சூசை விசாரித்துவிட்டு வந்தார். அவர் முகமே சரியில்லை. "கும்பாபிஷேகம் வருதாம் சார். சாமிய மதிலுக்குள்ளயே ஒரு கொட்டகையில வச்சிட்டாங்க. இந்தக் கோபுரம் உள்ள ஊறிப்போச்சாம். புதன்கிழமை காலைல இடிக்கிறாங்க."

நான் அவசரமாக முக்காலியை விரித்தேன். ஒரு கை வந்து லென்ஸை மூடியது. கூடவே மிளகாய் நெடி. நான் அடுக்கடுக்காக நாலு தும்மல் போட்டேன். கோயில் தலைவர் வைத்திலிங்கம். தேக்காவில் மசாலா அரைக்கும் மில் வைத்திருப்பவர். குளித்துவிட்டு வந்தாலும் அவரோடு மிளகாயும் வரும்.

"இங்க படம் எடுக்கறதில்லீங்க" என்றார், மரியாதையாகத்தான்.

"கோபுரத்தை மட்டுந்தானுங்க. தெருவுல நின்னு" என்றேன்.

"கோபுரமும் சாமிதான், உங்களுக்குத் தெரியாதா?" என்றவர் காரணத்தையும் சொன்னார். சில வருஷம் முன்னால் ஒருத்தர் வந்து அம்மனைப் படம் எடுத்துப்போய் ஏதோ கடைக் காலண்டரில் போட்டுவிட்டார். வருஷம் முடிந்தது. "ஒருநாள் வடை வாங்கறேன். எண்ணெய் சொட்டச் சொட்டப் பொட்டலம். பிரிச்சா அம்மா முகம். அன்னைக்குக் கமிட்டி கூடி முடிவு பண்ணினோம். இனிமே கேமரா வேணாம்னு."

காலண்டர்க்காரனுக்குப் படம் விற்று நானும் சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் காலண்டர்கள் எங்கே போயின என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

வெளியே வந்ததும் சூசை கோயிலுக்கு எதிர்வீட்டு மாடியைக் காட்டினார். "அந்த ஜன்னல்லேருந்து எடுத்தா யாருக்கும் தெரியாது லா." அந்த ஊரில் பேச்சின் முடிவில் ஒரு "லா" சேர்த்துக்கொள்வார்கள்.

"அம்மன் சமாச்சாரத்துல திருட்டு வேலை வேண்டாமுங்க" என்றேன். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் மாரியம்மனிடம் விளையாடுகிற தைரியம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது.

திரும்பவும் உள்ளே போனேன். தலைவர் காலில் விழாத குறைதான். பினாங்குப் படங்கள் போனது, ஓட்டை, புதன்கிழமைக்குப் பிறகு இந்தப் போலீஸ்காரனையும் ரிக்ஷாக்காரனையும் உலகத்தில் எங்கேயும் பார்க்க முடியாது என்பது, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இளகுவதும் இறுகுவதுமாக நின்றார். அப்போது குருக்கள், "நீங்களும் சொல்ல வேண்டாம், அவரும் கேட்க வேண்டாம். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. அம்பாளையே பூக்கேட்டுப் பாத்துடலாமே" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. பூக்கேட்பது எங்கள் பக்கத்தில் தினப்படி வழக்கம். பெண் பார்ப்பதா, கிணறு வெட்டுவதா, எல்லாவற்றுக்கும் பூ. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி காலடியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். என் கல்யாணமே வெள்ளைப் பூவில் முடிந்ததுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கே போய்விட்டோம். வெயில் கோபுரத்தின் முகத்தில் நேராக விழுந்திருந்தது. எடுத்தால் இந்த வெயிலில் எடுக்க வேண்டும். பத்தரைக்கு மேல் வெயில் உச்சிக்கு ஏறி, பொம்மைகளின் கண்ணெல்லாம் நிழல் குழியாகிவிடும்.

குருக்கள் இரண்டு பொட்டலங்களையும் கட்டி, கொட்டகையில் அம்மன் முன்னால் தட்டில் வைத்தார். எடுப்பது யார் என்பதில் தகராறு வந்தது. கமிட்டியில் பாதிப் பேர் எனக்காக இரக்கப்பட்டவர்கள், பாதிப் பேர் வடைப் பொட்டலத்தை மறக்காதவர்கள். யார் எடுத்தாலும் மற்றவர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு சீன அம்மாள் கையில் ஊதுபத்திக் கட்டோடு உள்ளே வந்தார். அறுபது வயதிருக்கும். தலையில் மடித்துக் கட்டிய துணி.

"ஆ சோ வந்தாச்சு. அவங்க எடுக்கட்டும்" என்றார் தலைவர். யாரும் மறுக்கவில்லை.

ஆ சோ என்றால் அண்ணி என்பதுபோல. தேக்கா மார்க்கெட்டில் காய்கறி விற்பவர். யுத்தத்தில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலத்தில் புருஷனுக்குக் கடுமையான ஜுரம் வந்தபோது இந்த அம்மனிடம் வந்து அழுதிருக்கிறார். புருஷன் பிழைத்தார். அதிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறியதில்லை. தலைவர் மலாயில் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "இந்த ஆளுக்கு ஏன் இப்படி வேர்க்குது, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார் என்றார் சூசை.

கற்பூரம் காட்டினார்கள். ஆ சோ ஊதுபத்தியை மூன்று தரம் ஆட்டி வணங்கிவிட்டு, இரண்டு கையாலும் ஒரு பொட்டலத்தை எடுத்தார். குருக்கள் பிரித்தார்.

செக்கச் செவேலென்று அரளி.

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "அம்மா சொல்லிட்டா" என்று தலைவர் கண்ணை மூடினார். அங்கே நின்றால் அழுதுவிடுவேன் போலிருந்தது. திருநீறுகூட வாங்காமல், முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். சூசை கேமராப் பெட்டியோடு பின்னால் ஓடி வந்தார்.

"என்னா சார்? என்னா ஆச்சு?"

"முடிஞ்சு போச்சுங்க. சிவப்பு வந்துருச்சு."

"சிவப்பு வந்தா இல்லேன்னு அர்த்தமா?"

"ஆமாங்க."

"ஓ. எனக்கு எங்க தெரியும் லா, நாங்க பூவெல்லாம் கேக்கறதில்ல" என்று அவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

அஞ்சடி வழியாக, அதாவது கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட அந்த நடைபாதை வழியாக, எங்கே போகிறோம் என்றே தெரியாமல் நடந்தோம். ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். வாட்டிய ரொட்டியும் தேங்காய்ப்பால் ஜாமும் வந்தன. வேறு நாளாக இருந்தால் ஊரில் சொல்லிச் சொல்லி மாய்ந்திருப்பேன். அன்றைக்கு மண் மாதிரி இருந்தது. பக்கத்து மேசையில் இரண்டு கிழவர்கள் கூண்டுப் பறவையை வைத்துக்கொண்டு அது ஏன் இரண்டு நாளாகப் பாடவில்லை என்று கவலைப்பட்டார்கள். பாடாவிட்டால் என்ன, குடி முழுகிவிடுமா என்று எரிச்சலாக வந்தது. இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து ஒரு ஓட்டைப் பெட்டியோடு திரும்பப் போகிறேன். அம்மன்மேலேயே கோபம் வந்தது. அந்தச் சீன அம்மாளுக்கு அந்தப் பொட்டலந்தானா கையில் அகப்பட்டது என்று அவர்மேலும் வந்தது.

ஒன்பதே முக்கால் இருக்கும். திடீரென்று எனக்குத் தும்மல் வந்தது. நிமிர்ந்தால் எதிரே தலைவர் வைத்திலிங்கம், மூச்சு வாங்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"என்னய்யா மனுசன் நீங்க? ஒன்றரை மணி நேரமா ரோடு ரோடா தேடறேன். இங்க உக்காந்து ரொட்டி திங்கறீங்க?"

நான் எழுந்து நின்றேன். "திருநீறு வாங்காம வந்தது தப்புதானுங்க. மனசு சரியில்லாம..."

"திருநீறு கிடக்கட்டும். படம் எடுக்கறீங்களா இல்லையா? ஆ சோ மாடி ஜன்னல்ல காயப்போட்ட துணியெல்லாம் உள்ள எடுத்து வச்சிட்டு உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு. அது வீடுதானே கோயிலுக்கு எதுத்தாப்புல. வெயிலு ஏறுது, பாருங்க."

"சிவப்புத்தானுங்களே வந்துச்சு?"

"ஆமா, சிவப்புத்தான் வந்துச்சு."

"வெள்ளை வந்தாத்தானுங்களே உத்தரவு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அம்மனுக்கு எப்படிய்யா வெள்ளை உத்தரவாகும்? அவ கட்டறது சிவப்பு, வைக்கிறது குங்குமம். எங்க தஞ்சாவூர்ப் பக்கத்துலேருந்து வந்தவங்க வச்ச வழக்கம். சிவப்புன்னா சரி. வெள்ளைன்னா வேணாம். இதை யாராச்சும் சொல்லித் தரணுமா?"

யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. பூக்கேட்பது எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். அவர்களுக்கும், ஈரோட்டுக்காரனுக்குத் தெரியாதா என்ற எண்ணம். கூட இருந்த ஒரே ஆள் சூசை, அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப சரின்னா சரிதானே?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மூன்று பேரும் ஓடினோம். எங்கள் வயதுக்கு அது ஓட்டமே அல்ல, ஆனால் ஓடினோம்.

ஆ சோவின் அறை மாடியில், செங்குத்தான மரப்படி ஏறிப் போக வேண்டும். அங்கே வீட்டுக்கு வீடு ஜன்னலிலிருந்து மூங்கில் கழியை நீட்டித் துணி காயப்போடுவார்கள். அவருடைய கழிகளெல்லாம் உள்ளே படுத்துக் கிடந்தன, ஈரத் துணியோடு. ஜன்னலுக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடலாம் போல, இரண்டாம் அடுக்கு. சாரத்து மூங்கில்கூட இந்தப் பக்கம் மறைக்கவில்லை. போலீஸ்காரனின் மீசையில் உதிர்ந்த சாயம்வரை தெரிந்தது.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். டேப் ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. முதல் ஷீட், இரண்டாவது. மூன்றாவதுக்கு மேகம் வந்து மூடியது. எல்லாரும் வானத்தைப் பார்த்தபடி நின்றோம். ஆ சோ எனக்குக் காலிப் பால் டப்பாவில் கோப்பி கொடுத்தார்.

மேகம் நகரும்வரை தலைவர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள என்ன தெரியும்?" என்றார். துணியைத் தூக்கிப் பிடித்தேன், தலையை உள்ளே விட்டார்.

பிறகு உள்ளேயிருந்து, "எல்லாரும் தலைகீழா நிக்கிறாங்களே" என்றார்.

"கேமராவுல அப்படித்தானுங்க தெரியும். படத்துல நேராயிரும்."

அவர் வெளியே வரவில்லை. "இருபது வருசமா கீழ நின்னே கும்பிட்டிருக்கேன். அம்மா இப்படிச் சிரிக்கிறான்னு எனக்குத் தெரியாது" என்றார். குரல் மாறியிருந்தது. வெளியே வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் என்று சொல்ல அவருக்கு வசதி இருந்தது, ஆனால் சொல்லவில்லை.

அடுத்து ஆ சோ பார்த்தார். தினமும் பார்க்கிற கோபுரந்தானே என்று நினைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஓரத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டி ஏதோ சொன்னார். "அங்க நின்ன ஆள் எங்க போனாருன்னு நான் தினமும் துணி காயப்போடும்போது நினைச்சுக்குவேன்" என்றாராம். யார் நின்றார்கள் என்று தலைவருக்கும் ஞாபகமில்லை.

மேகம் விலகியது. ஆறு ஷீட்டும் முடிந்தபோது மணி பத்தேகால். அந்தக் கறுப்புத் துணியில் மிளகாய் வாசம் ஈரோடு வரைக்கும் வந்தது.

புதன்கிழமை காலை சீனரின் இருட்டறைக்குள் இருந்தேன். வெளியே எங்கோ கடப்பாறைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சந்திலிருந்துதான். நான் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தேன். மெள்ள மெள்ள எழுந்தது. அம்மன், போலீஸ்காரன், ரிக்ஷா, வாளிக்காரி. பட்டை இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. ஸ்டூடியோக்காரர் நெகட்டிவை விளக்கில் தூக்கிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினார். ஆறும் சுத்தம். அப்பாடா என்று நான் சொல்ல, அவரும் அவர் பாஷையில் அதேமாதிரி ஏதோ சொன்னார்.

திரும்பும் வழியில் சந்துக்குள் எட்டிப் பார்த்தேன். மூன்றாம் அடுக்கு போயிருந்தது. முந்தாநாள் பார்த்திருந்தால் வயிறு எரிந்திருக்கும். அன்றைக்கு நிம்மதியாகவே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை சூசையின் மனைவி புளிச்சாதமும் பொரித்த மீனும் கட்டிக் கொடுத்தார். கப்பலில் மூன்று நாள் வந்தது புளிச்சாதம். மீன் துறைமுகத்தையே தாண்டவில்லை.

புத்தகம் இரண்டு வருஷம் கழித்து வந்தது. பதிப்பாளர் கடைசி நேரத்தில் பயந்துபோய் அட்டையில் தஞ்சாவூர்க் கோபுரத்தைப் போட்டுவிட்டார். என் கோபுரம் உள்ளே ஒரு மூலையில், தபால் தலைக்கு அண்ணன் மாதிரி. எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. என் மனைவி, "எடுத்தது எடுத்தாச்சுல்லீங்க" என்றாள்.

அதற்குள் தலைவரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. கும்பாபிஷேக வேலைக்கு வந்த ஸ்தபதி, பழைய உருவங்களை அப்படியே வைக்க வேண்டுமென்றால் பார்த்துச் செய்ய ஏதாவது வேண்டும் என்கிறாராம். ஆளாளுக்கு ஒரு ஞாபகம் சொல்கிறார்களாம். போலீஸ்காரனுக்கு மீசை உண்டா இல்லையா என்பதில் கமிட்டியே இரண்டாகிவிட்டதாம். "கேமரா வேணாம்னு சொன்ன ஆளே எழுதறேன். உங்க படம் வேணும்" என்று முடித்திருந்தார். ஆறையும் பெரிதாகப் பிரிண்டு போட்டு அனுப்பினேன். எண்ணெய்ப் பலகாரக் கடைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்று அடியில் எழுதினேன்.

அறுபத்தைந்தில் இரண்டாவது கடிதம். உள்ளே ஒரு சின்னப் படம். யாரோ அதே மாடி ஜன்னலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். புதுக் கோபுரம். மீசையோடு போலீஸ்காரன், ரிக்ஷாக்காரன், வாளிக்காரி, மூட்டைக்காரன், எல்லாரும் அவரவர் இடத்தில். இடது ஓரத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருந்த இடம் காலியாக இல்லை. அங்கே ஒரு அம்மாள் நின்றார். தலையில் மடித்துக் கட்டிய துணி, முன்னால் நீட்டிய இரண்டு கையிலும் ஒரு பூ.

கறுப்பு வெள்ளைப் படம். பூ என்ன நிறம் என்று தெரியவில்லை. தலைவர் அதை யோசித்திருக்கிறார். படத்தின் பின்னால் பென்சிலில் எழுதியிருந்தார்: "பூவுக்குச் சிவப்பு அடிச்சிருக்கோம். எங்க ஊர்ல சிவப்புன்னா சரி. அடுத்த தடவை வந்தா எழுந்து ஓடிடாதீங்க."